டிரைவர்கள் கண்ணை மூடுகிறார்கள்

டிப்போ ஓய்வறையில் டம்ளரை ஸ்பூனால் தட்டியாயிற்று. கண்ணையும் மூடியாயிற்று. இனி இருபது நிமிஷத்துக்குக் கொம்பையாவுக்கு வாயும் கிடையாது, கண்ணும் கிடையாது. மூக்கை மட்டும் விட்டுவைத்திருக்கிறாள் அவர் வீட்டுக்காரி உலகம்மாள், அதுவும் மூச்சைக் கவனிக்கிறதுக்காக. டம்ளர் சத்தம் இன்னும் அடங்கவில்லை, காதுக்குள்ளே கொசு மாதிரி மெலிந்து மெலிந்து போய்க்கொண்டிருந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே போனால் மனசு தன்னால் அடங்கும் என்று வீட்டில் வைத்துச் சொல்லியிருந்தாள். பாளையங்கோட்டையில் அவளுக்குப் பயிற்சி கொடுத்த இடத்தில் இதற்கென்றே ஒரு வெண்கலக் கிண்ணம் உண்டாம், தட்டினால் ரெண்டு தெரு தள்ளிக் கேட்குமாம். அதன் விலையைக் கேட்டுவிட்டு வந்தவள் அடுக்களையில் உட்கார்ந்து ஒரு சாயங்காலம் பூராவும் பாத்திரம் பாத்திரமாகத் தட்டிப் பார்த்தாள். தூக்குச்சட்டி தொண்டை கட்டினது மாதிரி இருந்தது, சருவம் கோயில் கொட்டு மாதிரி இருந்தது, கடைசியில் தேறியது கொம்பையா காபி குடிக்கிற எவர்சில்வர் டம்ளர்தான். ஆக முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டி ரிட்டயரான மனுஷனுக்கு இன்றைக்குக் காபி கண்ணாடிக் கிளாசில். போகட்டும். தன் டம்ளர் ஒலிக்கிற ஒலியில் பதினோரு டிரைவர்கள் ஞானம் அடையப்போகிறார்கள் என்றால் கிளாசில் குடித்தால் என்ன. ஞானம் என்று சொல்லப்படாது. அதற்கும் உலகம்மாள் தடை போட்டிருக்கிறாள். "சாமி, ஞானம், குண்டலினி, ஒண்ணும் நம்ம பேச்சுல வரப்படாது. இது மனக்கவனம். பல் விளக்குத மாதிரி தெனசரி செய்யுத ஒரு காரியம், அம்புட்டுதான்." அப்படிச் சொன்னவள்தான் காலையில் பல் விளக்கினதை மறந்து ரெண்டாம் தடவை தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள். பயம். சேலை மடிப்பு மூன்று தடவை அவிழ்ந்தது. பாவம், முதல் வகுப்பு.

"மூச்சை மாத்த வேண்டாம். நீளமா இழுக்க வேண்டாம். அது எப்படி வருதோ அப்படியே வரட்டும். வருதுன்னு தெரிஞ்சா போதும்," என்றது உலகம்மாளின் குரல். கொம்பையாவுக்குக் குரலே புதிதாக இருந்தது. வீட்டில் இந்தக் குரல் எந்த அலமாரியில் இருந்தது? அரிசி தீர்ந்துபோச்சு என்று சொல்கிற குரல் தெரியும், மகள் போன் பண்ணினால் ஒரு கட்டை ஏறுகிற குரல் தெரியும், இது இஸ்திரி போட்டு மடித்து வைத்த குரல். சரி, மூச்சு. வலது மூக்கில் வருகிறது, இடது மூக்கு அடைப்பு. இடது மூக்கு அடைத்த கதை ஒன்று உண்டு. சங்கரன்கோவில் சாலையில் ஒருநாள் பெய்த மழையில் ரேடியேட்டருக்குள் கெண்டை மீன் ஏறி வெந்துபோய், இறங்கிப் பார்த்தால் குழம்பு தயார், பயணிகள் அத்தனை பேரும் வாழை இலை பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள், அந்த ஆவி ஏறி அடைத்ததுதான் இந்த மூக்கு. சொன்னால் இந்த அறையே குலுங்கும். இதே ஓய்வறையில், இதே சுவர் ஓரமாக, எத்தனை மதியம் சொல்லியிருப்பார். ஸ்டியரிங் கழன்று கையோடு வந்துவிட்ட நாளில், பயணிகளை "இடது பக்கம் சாயுங்க, வலது பக்கம் சாயுங்க" என்று சொல்லியே வண்டியைத் தென்காசி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்த கதையைச் சொன்னபோது ஒரு செக்கிங் இன்ஸ்பெக்டர் புரையேறிச் சாகப் பார்த்தார். வாய் ஊறியது. கூடாது. சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிறது. காலையில் தலை வாரிக்கொண்டே சொன்னாள், கண்ணாடியைப் பார்த்துத்தான் சொன்னாள், "நீங்க முன் வரிசையில வந்து உக்காருங்க, ஆள் இருந்தா எனக்குத் தெம்பு. ஆனா என்னைய பாக்கப்படாது. நீங்க பாத்தா எனக்குச் சிரிப்பு வந்துரும், சிரிச்சா எல்லாம் மறந்துரும். கண்ணைத் தெறக்கப்படாது, வாயைத் தெறக்கப்படாது, அந்த இருமலும் இருமப்படாது." அந்த இருமல் என்றால் கதை ஆரம்பிக்கிறதுக்கு முன்னால் அவர் இருமுகிற இருமல். ஊரே அறியும்.

திராட்சை ஞாபகம் வந்தது. பயிற்சிக்குப் போய் வந்த ரெண்டாம் வாரம், அவர் உள்ளங்கையில் ஒரே ஒரு உலர்ந்த திராட்சையை வைத்து, இதை அஞ்சு நிமிஷம் தின்னணும் என்றாள். பாயசத்தில் கிடந்தால் ஒரு வாய்க்கு ஏழெட்டு போகிற சாமான். முதலில் பாருங்கள் என்றாள், பார்த்தார். மோந்து பாருங்கள் என்றாள், மோந்தார். காதுகிட்ட வைத்து உருட்டிக் கேளுங்கள் என்றாள். கேட்டுவிட்டு, "ஏட்டி, இது தேனிப் பக்கத்துத் திராட்சை, அங்க மழை இல்லையாம், சொல்லுது," என்றார். அவள் சிரித்துச் சிரித்துச் சுவரோடு சாய்ந்துவிட்டாள். சிரித்து முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "உங்களால ஒரு பொருளை அது இருக்குத மாதிரி விட முடியாது. வால் ஒட்டணும், கொம்பு ஒட்டணும்." கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அது எங்கேயோ போய் மாட்டிக்கொண்டது, சட்டை ஆணியில் மாட்டுகிற மாதிரி, இழுத்தால் கிழியும் போல. மூச்சு. வலது மூக்கு. உள்ளே வருவது கொஞ்சம் குளிர்ச்சி, வெளியே போவது சூடு. வாஸ்தவம்தான், இத்தனை வருஷம் இது தெரியாது. டீசல் வாசனை, பக்கத்தில் யாரோ தடவின அமிர்தாஞ்சன், ஜன்னல் கட்டையில் வைத்திருக்கிற எவனுடைய தூக்கிலோ கருவாட்டுக் குழம்பு. கருவாட்டைக் கவனிக்கலாமா? மூச்சோடு சேர்ந்துதானே வருகிறது.

"மனசு எங்கயாவது போயிருந்தா, போச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டு, மெதுவாத் திரும்பி வாங்க. திட்ட வேண்டாம்." திட்டாமல் திரும்பி வந்தார். எதற்காக இவள் இந்தப் பாடு படுகிறாள் என்று நினைத்தார். சும்மா இருந்தால் ஓய்வூதியம் வருகிறது, டிவி இருக்கிறது. கிராம சுகாதார நர்சாக இருந்து ஊர் ஊராகப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டவள். டிப்போவில் ரத்த அழுத்த முகாம் போட்டால் அவளும் வருவாள். டிரைவர்கள் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துவிட்டு, முள் நிற்கிற இடத்தைப் பார்த்து அவள் முகம் மாறுவதை அவரே கண்டிருக்கிறார். ரிட்டயர்மெண்ட் மாலை வாடுவதற்குள் போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர். கண்டக்டர் எபனேசர் போனது ஐம்பத்தொன்பதாவது நாள். எபனேசர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போய்விட்டு வந்த அன்றைக்குத்தான் உலகம்மாள் சொன்னாள், "வண்டி வருதான்னு வாசலைப் பாத்துப் பாத்தே எங்களுக்குப் பாதி ஆயுசு போச்சு. வண்டியை ஓட்டி ஓட்டியே உங்களுக்குப் பாதி போச்சு. ரெண்டையும் கூட்டினா என்ன மிஞ்சுது?" அப்புறம்தான் பயிற்சி, அப்புறம்தான் கிளை மேலாளருக்கு ஆறு கடிதம். ஆறாவது கடிதத்துக்கு மேலாளர் பாக்கியநாதன் கூப்பிட்டுவிட்டார். நல்ல மனுஷர், ஆனால் கறார். "ஒரே ஒரு நாள் பாப்போம்மா. இருபது நிமிஷம் நம்ம பயலுவ அசையாம உக்காந்துட்டா செவ்வாய்தோறும் வச்சுக்கலாம். எந்திரிச்சுப் போயிட்டான்னா விட்டுருவோம், அவனுகளைக் கட்டி வைக்க எனக்கு அதிகாரம் இல்ல." அந்த ஒரு நாள் இது. பாக்கியநாதனும் பின்னால் கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவருடைய சாவிக்கொத்து அப்போதைக்கு அப்போது சிலுங் என்கிறது. ஒவ்வொரு சிலுங்குக்கும் கொம்பையாவின் காது பின்னால் போயிற்று. எழுந்துவிட்டாரோ? இல்லை. மூச்சு. அவர் எழுந்துவிட்டால் இவள் வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவுவாள், கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவுவாள். அதைப் பார்க்கிறதுக்கு இவருக்குத் தெம்பு கிடையாது. எதிரில் லாரி வந்தால் பார்க்கலாம், அதைப் பார்க்க முடியாது.

வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்தது. இரட்டை ஹாரன், கூர்மையானது. அடித்த அதே நொடியில் அறைக்குள்ளே கீச்சென்று ஒரு சத்தம், ஒரு சத்தம் இல்லை, பத்துப் பன்னிரண்டு சத்தம் சேர்ந்த மாதிரி. என்னது? எலியா? கொம்பையா மூச்சை விட்டுவிட்டுக் காதைத் தீட்டினார். பட்டறையில் சுத்தியல் அடி, எவனோ சக்கரத்தைக் கழற்றுகிறான். ஏர் பிரேக் புஸ்ஸென்றது. மறுபடி ஹாரன். மறுபடி கீச். இந்தத் தடவை பிடிபட்டது. அவருடைய நாற்காலியே கீச்சிட்டது. வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலி, முன்பாரம் விழுந்தால் முனகும். பாரம் எதனால் விழுந்தது என்று பார்த்தால் வலது கால். வலது கால் அவர் சொல்லாமலே முன்னால் நீண்டு, பாதம் தரையை அழுத்து அழுத்தென்று அழுத்திக்கொண்டிருந்தது. கெண்டைக்கால் நரம்பு கம்பியாக நின்றது. அட மூதேவி, இது பிரேக். ரிட்டயராகி அஞ்சு வருஷம் ஆச்சு, காலுக்கு யாரும் சொல்லவில்லை. எடுத்துக் கிட்டே வைத்தார். அது ஒரு மூச்சு சும்மா இருந்தது. அடுத்த மூச்சில் ஒரு பூனை மாதிரி நைசாக நகர்ந்து முன்னால் போயிற்று. சிரிப்பு வந்தது. அடக்கினார். அப்புறம் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் நிமிர்ந்து உட்கார்ந்து, கை ரெண்டையும் முன்னால் வைத்து, காலை ஊன்றி, கண்ணை மூடுகிற இந்தக் காரியத்தை அவர் வாழ்க்கையில் இதற்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான் செய்திருக்கிறார். படுத்தால் கண்ணை மூடலாம், சாமி கும்பிடும்போது நின்றுகொண்டு மூடலாம். உட்கார்ந்து மூடுகிறது எந்த டிரைவர் உடம்புக்கும் ஆகாத காரியம். வீட்டில் தினமும் அவளுக்கு மாணவனாக இருந்தபோதெல்லாம் பாயில் சம்மணம் போட்டுத்தானே உட்கார்ந்தார், அதனால் தெரியவில்லை. நாற்காலியில் தெரிகிறது. பின்னால் பதினோரு பயல்களுக்கும் தெரிந்துகொண்டிருக்கிறது, கீச் கீச்சென்று.

அந்த ஒரு தடவை. வேண்டாம், மூச்சுக்குப் போ. போகமாட்டேன் என்கிறது. கயத்தாறு தாண்டி, பகல் ரெண்டரை மணி, சித்திரை வெயில், ரோடு தண்ணீர் மாதிரி நெளிகிறது. வண்டிக்குள் முப்பத்தெட்டுப் பேர், முக்கால்வாசித் தூக்கம். கன்றுக்குட்டி. வெள்ளைக் கன்றுக்குட்டி, நெற்றியில் பழுப்புச் சுழி, வலது பக்கத்துக் காட்டிலிருந்து துள்ளிக்கொண்டு ரோட்டுக்கு வந்தது. ஒரு உயிரைக் கொல்லலாமா என்று ஸ்டியரிங்கை ஒடித்தார் கொம்பையா, வண்டி சரிவில் இறங்கி உடைமுள் காட்டுக்குள் பாய்ந்து நின்றது. இதைப் பத்தொன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். முதல் வருஷம் வெறும் கன்றுக்குட்டி. மூன்றாம் வருஷம் அதற்குக் கழுத்தில் மணி வந்தது. ஆறாம் வருஷம் பின்னாலேயே தாய்ப்பசு வந்து வண்டி முன்னால் நின்று கண்ணீர் விட்டது. பத்தாம் வருஷம் பசுவின் சொந்தக்காரர் ஒரு குடம் பாலோடு டிப்போவுக்கே வந்து இதே கதவில் நின்றார். யாரும் நம்பவில்லை, எல்லோருக்கும் பிடித்திருந்தது. பாலையும் கண்ணீரையும்தான் நம்பவில்லை, கன்றுக்குட்டியை எல்லோரும் நம்பினார்கள். பொய்யை மறைக்க அதன் மேலேயே பெரிய பொய்யாக அடுக்கினால் அடியில் இருப்பது உண்மை மாதிரி ஆகிவிடும். இது தொழில் ரகசியம். உலகம்மாளும் நம்பினாள். அன்றைக்கு அவர் உடம்பிலிருந்து ஊசியால் முள் எடுத்துக்கொண்டே, "ஒரு வாயில்லாச் சீவனைக் காப்பாத்தினிய, அது உங்களையும் காப்பாத்திட்டு," என்றாள். அதிலிருந்து அமாவாசைக்கு அமாவாசை ஒரு கட்டு அகத்திக்கீரை வாங்கித் தெருவில் போகிற மாட்டுக்குக் கொடுக்கிறாள். பத்தொன்பது வருஷத்து அமாவாசை. தெருமுனை மாடெல்லாம் இவளைக் கண்டால் கழுத்தை நீட்டும். கீரைக்கட்டை அவளுக்குத் தூக்கிக்கொண்டு போகிறது யார், இவர்தான்.

கன்றுக்குட்டியைப் பெற்றது எபனேசர். அதையும் ஒத்துக்கொள்ள வேண்டியதுதான், செத்தவனை மாட்டிவிடுகிற மாதிரி இருந்தாலும். முள்ளுக்குள் வண்டி நின்று, எஞ்சின் அணைந்து, ஒரு கைக்குழந்தை மட்டும் எழாமல் தூங்க, மற்றவர்கள் கத்தத் தொடங்கின அந்த நேரத்தில், எபனேசர் நெற்றியில் ரத்தம் ஒழுக வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, கன்னுக்குட்டி குறுக்க வந்துட்டு. என்ன? கன்னுக்குட்டி," என்றான். பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரிச் சொன்னான். வளர்த்ததுதான் கொம்பையா. அந்த வெயிலில் ரோட்டில் ஒன்றுமே இல்லை. ஒரு காக்காய் கூட இல்லை. சுகமாக இருந்தது, அதுதான் யாரிடமும் சொல்ல முடியாத சமாச்சாரம். கண் மூடின அந்த நேரம் அத்தனை சுகமாக இருந்தது, குளத்துக்குள் முங்கினது மாதிரி, சத்தமெல்லாம் தூரமாகப் போயிற்று. இப்போது இவள் எந்த இடத்துக்கு வாங்க வாங்க என்று கூப்பிடுகிறாளோ அந்த இடம் மாதிரியே இருந்தது. அங்கே போனால் முப்பத்தெட்டுப் பேர் முள்ளில் கிடப்பார்கள். கொம்பையாவுக்கு அக்குளில் வேர்த்தது. கால் தரையை அழுத்தியது. நாற்காலி முனகியது.

உலகம்மாளின் குரலைக் காணோம். எப்போதிலிருந்து காணோம்? நடுவில் நாலு நிமிஷம் பேசாமல் விடவேண்டும், அது பாடத்திலேயே உண்டு, அப்புறம் "உடம்பைக் கவனிங்க" என்று ஆரம்பிக்க வேண்டும். நாலு நிமிஷம் என்றால் வள்ளியூர் பஸ் ஸ்டாண்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே வருகிற நேரம். இது ரெண்டு சுற்றுக்கு மேலே ஆகிவிட்டது. மறந்துவிட்டாள். காலண்டர் தாளின் முதுகில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தாள், எடுத்துட்டு வா என்று இவர் சொன்னதற்கு, தாளைப் பார்த்து வாசிக்கிறது கவனமா என்று விட்டுவிட்டு வந்தாள். உடம்பைக் கவனிங்க, ஏட்டி, உடம்பைக் கவனிங்க, என்று மனசுக்குள் எடுத்துக் கொடுத்தார், பரீட்சை ஹாலில் பக்கத்துப் பெஞ்சுக்காரன் மாதிரி. பின்னால் யாரோ மூக்கால் சிரித்தான். சொரிமுத்துதான். அந்தச் சிரிப்புத் தெரியும், இந்த டிப்போவில் வாய் நீளத்தில் கொம்பையாவுக்கு அடுத்த இடம் அவனுக்குத்தான். சிரிப்பு ஒரு நாற்காலியிலிருந்து அடுத்ததுக்குத் தாவியது. இப்போது ஒரு இருமல் இருமினால் போதும். மீன் குழம்பை எடுத்துவிட்டால் அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள், ஒருத்தனும் எழுந்து போகமாட்டான், இருபது நிமிஷம் தாண்டி நாற்பது நிமிஷம் உட்கார வைக்க அவரால் ஆகும். வகுப்புப் பிழைக்கும். அதில் அவள் இல்லாமல் போய்விடுவாள். அது அவருக்கு வெளிச்சமாகத் தெரிந்தது. தொண்டைக்கு வந்த இருமலை எச்சிலோடு விழுங்கினார்.

"மயினி," என்று அண்ணி முறை வைத்துக் கூப்பிட்டான் சொரிமுத்து. "கோவிச்சுக்கிடாதிய. பன்னெண்டு அஞ்சுக்கு எனக்கு ராஜபாளையம் வண்டி. இதுல தூங்கிட்டா எழுப்பி விடுவியளா, இல்ல அப்படியே தூக்கிட்டுப் போயி சீட்ல வச்சிருவியளா?"

அறை சிரித்தது.

"தூங்கச் சொல்லலையே சொரிமுத்து. மூச்சைப் பாக்கத்தான சொன்னேன்." குரல் இஸ்திரி கலைந்துபோய் வந்தது. வீட்டுக் குரல்.

"அது எங்க மயினி போயிரப் போவுது? நாப்பது வருசமா நான் பாக்காமத்தான அது பாட்டுக்கு ஓடுது. இப்பம் பாத்தா வெக்கப்பட்டு நின்னுராது?"

சிரிப்பு இன்னும் பெரிதாக வந்தது. நாற்காலி ஒன்று பின்னால் தள்ளப்படுகிற சத்தம். சாவிக்கொத்து சிலுங்கென்றது, இந்தத் தடவை நீளமாக. பாக்கியநாதன் எழுந்துவிட்டார். கொம்பையா கண்ணைத் திறந்தார்.

திறந்ததும் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை, அப்புறம் உலகம்மாள் தெரிந்தாள். டம்ளரை மடியில் வைத்து, ஸ்பூனை ஊசி பிடிக்கிற மாதிரி ரெண்டு விரலில் பிடித்துக்கொண்டு, எல்லோருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறந்தவள் முகம் மாதிரி இல்லை. எதையோ கண்டுவிட்டு, அது என்னவென்று பிடிபடாமல் நிற்கிற முகம். இத்தனை நேரம் அதனால்தான் பேசவில்லையா? கொம்பையா திரும்பிப் பார்த்தார். பதினோரு பேரில் ஒருத்தன் கண்ணும் முழுசாக மூடியிருக்கவில்லை. ஒரு நூல் அளவுக்குத் திறந்து வைத்துக்கொண்டு, முழங்கால் மேல் கை இறுகி, தோள் காதுக்கு ஏறி, கூண்டுக்குள்ளிருந்து பார்க்கிற கோழி மாதிரி விறைத்து உட்கார்ந்திருந்தார்கள். சிரித்த வாயோடு சொரிமுத்துவும் அப்படித்தான். அவன் வலது கால் எல்லோருடைய காலையும் விட நீளமாக முன்னால் நின்றது.

"டீச்சர்," என்றார் கொம்பையா. கட்டின மனைவியை அப்படிக் கூப்பிட்டது அவர் வாய்தானா என்று அவரே திகைத்தார். "எனக்குக் கண்ணை மூட முடியல டீச்சர். மூடினா வலது காலு பிரேக்குக்குப் போவுது."

"ஆங், அண்ணாச்சி ஆரம்பிச்சாச்சு!" என்றான் சொரிமுத்து, பாதி எழுந்தவன் உட்கார்ந்துகொண்டு. "என்ன அண்ணாச்சி, மீன் குழம்பா, கன்னுக்குட்டியா?"

"கன்னுக்குட்டி," என்றார். இருமவில்லை. "கன்னுக்குட்டி கிடையாதுலே. ரோட்டுல ஒண்ணுமே கிடையாது. வெறும் ரோடு. நான் கண்ணசந்துட்டேன்."

எல்லோரும் முகத்தில் சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவர் கதையில் இந்த இடத்தில் ஒரு நிறுத்தம் வரும், அதற்கடுத்துத்தான் யானை வரும் அல்லது அமைச்சர் வருவார். யானை வரவில்லை.

"பொறவு?" என்றான் சொரிமுத்து, சின்னக் குரலில்.

"பொறவு ஒண்ணுமில்ல. அம்புட்டுதான்."

சிரிப்பு ஒவ்வொரு முகத்திலிருந்தும் இறங்கியது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. டிரைவர்கள் தங்களுக்குள் எதை வேண்டுமானாலும் பேசுவார்கள், வீட்டுச் சண்டை பேசுவார்கள், மூலவியாதி பேசுவார்கள், இதை, ஓட்டும்போது கண்ணசந்ததை மட்டும் பேசமாட்டார்கள். சொரிமுத்து குனிந்து தன் வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தான், அது வேறு எவனுடைய காலோ என்கிற மாதிரி. கொம்பையாவுக்கு உலகம்மாள் பக்கம் திரும்பப் பயமாக இருந்தது. திரும்பினார். அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அந்த முகத்தில் என்ன இருந்தது என்று படிக்க அவருக்குத் தெரியவில்லை, முப்பத்தாறு வருஷத்தில் இந்தப் பக்கத்தை அவர் பார்த்ததில்லை. அப்புறம் அவள் பார்வை கீழே இறங்கி, வரிசையாகப் பன்னிரண்டு வலது கால்களின் மேலும் நடந்துபோயிற்று. "ஓ," என்றாள். அவ்வளவு நேரம் பிடிபடாதது பிடிபட்டுவிட்டது.

"தப்பு எம்மேலதான். எனக்குச் சொல்லிக் கொடுத்தவங்க டிரைவர் கிடையாது, நானும் டிரைவர் கிடையாது," என்றாள் உலகம்மாள். டம்ளரைத் தரையில் வைத்தாள். "யாரும் கண்ணை மூட வேண்டாம். நல்லாத் தெறந்துக்கிடுங்க. காலையும் இழுக்க வேண்டாம், அது அங்கன இருக்கட்டும், இருக்குன்னு மட்டும் தெரிஞ்சுக்கிடுங்க. நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்புங்க. ரோட்டைப் பாக்குத மாதிரிப் பாருங்க. ரோட்டுல எத்தனையோ வருது. ஒவ்வொண்ணுக்கும் வண்டியை நிப்பாட்டி எறங்கிப்போயி வம்பு பேசுவியளா? பாத்துட்டு விட்டுருவிய. மனசுல எது வந்தாலும் அப்படித்தான். பாருங்க, போவட்டும்."

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா மயினி," என்றான் சொரிமுத்து. நாற்காலியைத் திருப்பின முதல் ஆள் அவன்தான்.

ஜன்னலுக்கு வெளியே டிப்போ முற்றம். எண்ணெய் கறுத்த தரை, மூன்று வண்டி, ஒரு காலி டிரம், வெயில். கொம்பையா பார்த்தார். ஒரு மெக்கானிக் கையில் ஸ்பானரோடு குறுக்கே நடந்து போனான். அவன் பின்னால் ஒரு கதை நாய்க்குட்டி மாதிரி வந்தது, வரட்டும், போயிற்று. கண் திறந்திருந்தது, கால் ஊன்றியிருந்தது, தோள் தானாகக் கீழே இறங்கிற்று. பக்கத்தில் பதினோரு பேரின் மூச்சும் கேட்டது. இத்தனை மூச்சு இந்த அறைக்குள் இருந்ததா? ஹாரன் அடித்தது. ஒரு நாற்காலி மட்டும் லேசாக முனகியது. இன்னொரு வண்டி பின்னால் எடுத்தது, விசில், போலாம் ரைட், போயிற்று. அகத்திக்கீரை வந்தது. அது போகவில்லை, குறுக்கே நின்றுகொண்டிருந்தது, அதையும் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்ற பாக்கியநாதன் எப்போது உட்கார்ந்தார் என்று தெரியாது, சாவிக்கொத்துச் சத்தமே இல்லை. டம்ளர் ஒலித்தபோது ஒருத்தனும் உடனே எழவில்லை. சொரிமுத்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, "வாரேன் மயினி," என்று போனான். மேலாளர் கதவுகிட்டே நின்று, "செவ்வாய்க்கிழமை பதினோரு மணியே இருக்கட்டுமா, இல்ல பத்தரையாம்மா?" என்று கேட்டார். "பத்தரை," என்றாள் உலகம்மாள், எத்தனையோ செவ்வாய்க்கிழமைகளைப் பார்த்தவள் மாதிரி.

டிப்போ வாசலைப் பார்த்து நடந்தார்கள். பையை அவளே வைத்துக்கொண்டாள், கேட்டும் கொடுக்கவில்லை. ஏதாவது சொல்வாள் என்று பார்த்தார். திட்டினால் தேவலை. பத்தொன்பது வருஷத்துக்கும் சேர்த்துத் திட்டினால் வீடு போய்ச் சேருகிற வரைக்கும் தாங்கும். பஞ்சர் பார்க்கிற கொட்டகை தாண்டியாயிற்று, டீசல் பங்க் தாண்டியாயிற்று.

"எத்தனை மூச்சு இருக்கும்?" என்றாள்.

"எது?"

"அன்னைக்கு. கண்ணை மூடியிருந்தது."

ஆயிரம் என்றிருக்கலாம். அரை என்றிருக்கலாம். "ரெண்டு," என்றார் கொம்பையா.

உலகம்மாள் அங்கேயே நின்றுவிட்டாள். நடு முற்றத்தில், தோளில் பையோடு, வெயிலில் நின்றபடிக் கண்ணை மூடினாள். மூச்சு உள்ளே போயிற்று. தோள் மெல்ல ஏறியது, நின்றது, இறங்கியது. ஒன்று. ஒரு வண்டி அவளைச் சுற்றிக்கொண்டு போயிற்று. கொம்பையா கையை நீட்டி அவளுக்கும் வண்டிக்கும் நடுவில் நின்றார். ரெண்டாவது மூச்சு போகத் தொடங்கியது. போய்க்கொண்டே இருந்தது. இன்னும் வெளியே வரவில்லை. அவள் நெற்றியில் வேர்வை ஒரு துளி கீழே இறங்கிப் புருவத்தில் நின்றது. அவர் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்து நின்றார். ஒருவழியாக அவள் மூச்சு வெளியே வந்தது.

அவள் கண்ணைத் திறந்து, அவர் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப நேரம்லா அது," என்றாள்.